நாலாவது டிக்கெட்

அன்பு மகனுக்கு,

பஸ் டிப்போவின் சாப்பாட்டு அறையில் இருந்து இதை எழுதுகிறேன். காலை ஓட்டம் முடிந்துவிட்டது. பின்னேர ஓட்டத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் கிடக்கிறது. இந்த இடைவெளியில் மற்றச் சாரதிகள் சீட்டு விளையாடுவார்கள், அல்லது வீட்டுக்குப் போய் ஒரு சின்னத் தூக்கம் போட்டுவிட்டு வருவார்கள். நான் இரண்டு நாளாக ஒரு மூலையில் இருந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, யாருக்கோ காதல் கடிதம் எழுதுகிறேன் என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஒரே வீட்டில் இருக்கிற இருபது வயது மகனுக்குத் தகப்பன் கடிதம் எழுதுகிறான் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். நீ சனிக்கிழமை விமானம் ஏறுகிறாய். அதற்குள் நேரே சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் அது வேறு யாரோ செய்த காரியம் போல இருக்கும். அதனால்தான் தமிழ். வார இறுதித் தமிழ் வகுப்பில் நீ படித்ததில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், எழுத்துக் கூட்டி வாசி. முடியாவிட்டால் அம்மாவிடம் கொடு, அவள் வாசித்துக் காட்டுவாள். உண்மையைச் சொன்னால் நீ அம்மாவிடம் கொடுப்பதைத்தான் நான் விரும்புகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யூனிவர்சிட்டிக் கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள் ஒன்றைக் குசினி மேசையில் விரித்து வைத்தாய். ஆம்ஸ்டர்டாமில் இருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய பத்து இடங்கள். இந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் 'ஓ.ஈ.' என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடம், இரண்டு வருடம் வெளிநாடு போய் வேலை செய்து ஊர் சுற்றுவார்கள். நீயும் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் லண்டனுக்குப் போகிறார்கள், நீ மட்டும் தேடித்தேடி ஆம்ஸ்டர்டாமில் வேலை எடுத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்று நீ பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்து, "டிட் வி கோ தேர், டாட்?" என்று கேட்டாய். ஹார்லம், சான்டாம் பக்கத்துக் காற்றாலைகள், வோலண்டாம், சீஸ் சந்தை நடக்கிற அல்க்மார். அம்மா அடுப்படியில் நின்று "ஓம், ஓம், போனனாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "எனக்கு மறந்துபோச்சு" என்றேன். ஏழாவதாக டெல்ஃப்ட் வாசித்தாய். அடுத்ததாக ஒன்பதாவதை வாசித்தாய்.

நான் ஊரில் பதினொரு வருடம் ரெயில் டிக்கெட் விற்ற ஆள். ஒரு எண் தப்பினால் எனக்குத் தெரியும். நீ தேத்தண்ணிக்குப் பால் எடுக்க எழும்பிய நேரம் தாளை எட்டிப் பார்த்தேன். எட்டாவது, எங்ஹைசன். மற்ற ஒன்பதுக்கும் பேனையால் சரி போட்டிருந்தாய். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று பதினான்கு வருடமாக என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீ ஞாபகம் வைத்திருப்பது பிழை, மகனே. அந்தப் பிழையை உன் தலைக்குள் வைத்தவன் நான்தான். அதைத் திருத்தாமல் உன்னை அந்த நாட்டுக்கு அனுப்ப என்னால் முடியாது.

தவத்தில் இருந்து தொடங்குகிறேன். நீ தவம் மாமா என்று கூப்பிட்டாய். அவன் எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் அகதிகள் பதிகிற கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெடியன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயது. காங்கேசன்துறைப் பக்கம். நான் ஸ்டேஷனில் வேலை செய்தேன் என்று சொன்னதும், "அப்ப நான் டிக்கெட் இல்லாமல் வந்து பிடிபட்டது உங்களிட்டையோ தெரியாது, அண்ணை" என்று சிரித்தான். எங்களுக்கு ஒரு மாடியில் இரண்டு அறை கிடைத்தபோது அவனும் வந்து முன்னறையில் படுத்தான். பிறகு அவனுடைய விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது, நாட்டை விட்டுப் போகச் சொல்லி. அவன் போகவில்லை. எங்கே போவான்? எங்களோடு ஒளிந்து இருந்தான். எங்களுடைய கேஸ் அப்போது முடியாமல் கிடந்தது. இப்படி ஒருவனை வைத்திருப்பது தெரியவந்தால் எங்களையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். அது உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயப்படுகிறவனுக்கு அவ்வளவு போதும்.

வேலை செய்ய அனுமதி இல்லை, அறைக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெயில் ஏறினோம். உண்மையில் எனக்கு ஊர் பார்க்கும் ஆசையைவிட ரெயில் ஆசைதான் கூட. அந்த நாட்டில் 'டாக்ரெத்தூர்' என்று ஒரு டிக்கெட் இருந்தது. அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்பவேண்டும், அடுத்த நாள் அது வெறும் அட்டை. நான்தான் கவுண்டருக்குப் போவேன், நான்தான் எடுப்பேன், எல்லா டிக்கெட்டையும் என் சட்டைப் பையில்தான் வைப்பேன். "நான் டிக்கெட் கிளார்க், என்னிடம் இருக்கிற டிக்கெட் துலையாது" என்று பெருமை வேறு. பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, அல்க்மாரில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் சீஸ் உருண்டைகளைக் காவிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "அக்கா, இவங்கள் பூசணிக்காயைச் சாமி மாதிரித் தூக்கிக்கொண்டு போறாங்கள்" என்று தவம் சொல்ல, அம்மா சிரித்துச் சிரித்து அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். வோலண்டாமில் பழைய காலத்து மீனவர் உடுப்புப் போட்டுப் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். அம்மா கூர்த் தொப்பியோடு, நான் தொளதொளத்த காற்சட்டையோடு, நீ மரச் சப்பாத்தோடு, தவம் கையில் ஒரு அக்கார்டியனோடு. அந்தப் படத்தை நீ பார்த்ததில்லை. அம்மாவின் சீலை அலுமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் உனக்கும் அவனுக்கும் ஒரு விளையாட்டு. நீ பள்ளிக்கூடத்தில் டச்சு படித்து எங்கள் எல்லாரையும் முந்திவிட்டாய். ஒருநாள் ஓடிவந்து, "அப்பா, இவையளின்ரை பாசையிலை ஓம் எண்டா மாமா!" என்றாய். உண்மைதான், மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற 'ஓம்' போலவே ஒலிக்கும். அன்றில் இருந்து நீ அவனிடம், "நீங்கள் ஆர்?" என்று கேட்பாய். அவன் "ஓம்" என்பான். "மாமாவோ?" என்பாய். "ஓம் ஓம்" என்பான். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஒரே பகிடியை ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லிச் சிரிக்க ஆறு வயதுப் பிள்ளையாலும் தவத்தாலும்தான் முடியும்.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்ல விடு. நீ கேட்கவில்லைதான், ஆனால் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் ஒரு புத்தியும் இல்லாவிட்டால் நன்றாக இராது. அந்த நாட்டில் யாரோடு பயணம் போனாலும் உன் டிக்கெட்டை உன் பையிலேயே வைத்திரு. நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எவன் சொன்னாலும் கொடுக்காதே, சொல்லுகிறவன் உன் அப்பனாக இருந்தாலும். என் பஸ்ஸில் ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு ஏறினால், நாலு டிக்கெட்டையும் அவளிடம் கொடுக்கமாட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு அதன் கையில் அதன் டிக்கெட்டைக் கொடுப்பேன். பின்னால் நிற்கிற சனம் எரிச்சல்படும். டொமினியன் ரோட்டில் என் பஸ் எப்போதும் பிந்துவதற்கு அதுதான் காரணம். மேலாளர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நீ தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நீ கைப்பிள்ளையாக இருந்த காலத்தில், ஒருநாள் வவுனியாவுக்குப் போன பஸ்ஸை ஆமி மறித்தது. எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு பெடியனைப் பிடித்து நிறுத்தி, இவனைத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார் முன்னுக்கு வந்து, "என்ரை தங்கச்சியின்ரை மகன்" என்றார். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் திரும்ப பஸ்ஸில் ஏறினோம். அன்று அந்த பஸ்ஸில் இருந்த எல்லாரும் ஒரு பாடம் படித்தோம்: தெரிந்தவனைத் தெரியாது என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் ஒருவன் போவான், சொல்லாவிட்டால் இரண்டு பேர் போவார்கள். தவத்துக்கும் அந்தப் பாடம் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

இனி எங்ஹைசன். அந்த ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டது தவம்தான். "அண்ணை, அங்கை தண்டவாளம் கடலோடை முடியுதாம். எங்கடை காங்கேசன்துறை மாதிரி." எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஊரின் பேரைச் சொல்லி, "எங்கை எண்டு கேட்டா எங்கை எண்டே பதில் சொல்லுற ஊர்" என்று அவன் காலை முழுக்கப் பகிடி விட்டான். நாலு டாக்ரெத்தூர் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். குளிர்காலம். அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் புட்டும் சம்பலும் கட்டியிருந்தாள். வண்டியில் நானும் அம்மாவும் ஒரு பக்கம், நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் தவம். நீ அவனோடு இருந்து செம்மறி ஆடு எண்ணிக்கொண்டிருந்தாய். பசிக்குது என்று எங்கள் பக்கம் வந்தபோது உன் சிவப்புக் கம்பளித் தொப்பி அவன் முழங்காலிலேயே கிடந்தது.

வழியில் ஹோர்ன் என்ற ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர். நான் பார்த்தது அவர்களைத்தான். மற்றது எல்லாம் எனக்கு மறைந்துபோய்விட்டது. பத்திரம் பார்க்க வருகிறார்கள், தவத்தைப் பிடிக்கப்போகிறார்கள், அவனோடு சேர்த்து உன்னையும் அம்மாவையும் கொழும்புக்கு ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள் கை விட்டேன். நாலு அட்டை விரலில் பட்டது. மூன்றை எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன், மகனே. விரலால் எண்ணி மூன்று எடுத்தேன், நாலாவதை உள்ளே தள்ளிவிட்டேன். அவர் மூன்றிலும் குறட்டால் அடையாளம் குத்திவிட்டு, அந்தப் பக்கம் திரும்பித் தவத்திடம் கேட்டார்.

தவம் என்னைப் பார்த்தான். முகத்தை இல்லை, என் சட்டைப் பையைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. டிக்கெட் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். பத்திரம் கேட்டார், அதுவும் இல்லை என்றான். அந்த மனிதர் நல்லவர் போலத்தான் இருந்தார். தவத்தின் முழங்காலில் கிடந்த சின்னத் தொப்பியைப் பார்த்தார், தொப்பி இல்லாத உன் தலையைப் பார்த்தார், என்னிடம் கேட்டார், இவர் உங்களோடு வந்தவரா என்று. நான் "நோ" என்றேன். தவத்திடம், இவர்களைத் தெரியுமா என்று கேட்டார். அவனும் "நோ" என்றான். பிறகு அவர் குனிந்து, டச்சில் உன்னிடம் கேட்டார், அந்த ஐயா உங்களோடு வந்தவரா என்று.

நீ "ஓம்" என்றாய்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை மாமா என்கிறதே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வழக்கத்தில் பிள்ளைகள் காணுகிற ஆண்களை எல்லாம் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அம்மா உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹோர்னில் வண்டி நின்றது. தவம் எழும்பி, அந்த இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் இறங்கிப் போனான். தொப்பியை வைத்துவிட்டுப் போக அவனுக்கு வழி இல்லை. தொப்பி யாருடையது என்று தெரிந்தால் எங்களுக்குத்தானே ஆபத்து. சொந்தத் தொப்பி போல அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

இப்போது கேள். அந்தப் பொலிஸ்காரர் பத்திரம் பார்க்க வந்தவர்கள் இல்லை. அவர்கள் கையில் கோப்பிக் கோப்பை இருந்தது. வேலை முடிந்தோ வேலைக்கோ ஹோர்னில் இறங்கப் போனவர்கள், வழியில் அந்த மனிதரோடு கதைத்துக்கொண்டு வந்தவர்கள். டிக்கெட் இல்லாத, பத்திரமும் இல்லாத ஒருவன் அகப்பட்டதால்தான் அவர் அவர்களைக் கூப்பிட்டார். கோப்பிக் கோப்பையை நான் அப்போதே கண்டேன். கண்டதை விளங்கிக்கொள்ள, அவர்கள் இறங்கிப் போய் வண்டி திரும்ப ஓடத் தொடங்கும்வரை எனக்கு நேரம் எடுத்தது. நான் நாலு டிக்கெட்டையும் நீட்டியிருந்தால் அவர் நாலிலும் குத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஊரில் படித்த பாடத்தை நான் அந்த நாட்டு ரெயிலில் ஒப்புவித்தேன்.

எங்ஹைசன் வரைக்கும் போனோம், வண்டி போனதால். தவம் சொன்னது சரிதான், ஸ்டேஷனை விட்டு இறங்கினால் எதிரே தண்ணீர். படகுகள் கட்டியிருந்தன. நல்ல காற்று. நீ உறைந்துபோய் நின்று, "மாமா எங்கை?" என்று கேட்டாய். திரும்பத் திரும்பக் கேட்டாய். எனக்கு என்மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் உன்மேல் பாய்ந்தது. உன் தோளைப் பிடித்து உலுப்பி, "நீ வாயைத் திறந்ததாலைதான் பிடிச்சவங்கள். உன்னாலைதான்" என்றேன். அதை நான் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு, அந்தத் துறைமுகத்தில் வைத்து, அறிந்து தெரிந்து சொன்னேன். நீ அழவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாய்.

அம்மா புட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தாள். கனநேரத்துக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தபடி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நாலு டிக்கெட்டெல்லே எடுத்தனீங்கள்?" நான் பதில் சொல்லவில்லை. அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்த ஒரு கேள்வியோடுதான் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

தவத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு ஒருவர் சொன்னார். அதற்குமேல் சொல்ல ஆளில்லை. அவனுடைய தாய் எங்கள் விலாசத்துக்குக் கடிதம் எழுதினா. "தம்பியின் கடிதம் கண்டு நாளாகிவிட்டது. ஆனால் உங்களோடு இருக்கிறான் என்பதால் பயமில்லாமல் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தா. அவன் இப்போது எங்களோடு இல்லை, வேறு இடம் மாறிப் போய்விட்டான், விலாசம் தெரியாது என்று பதில் போட்டேன். நல்ல கையெழுத்தில், நாலு வரி. அதற்குப் பிறகு உன் பெரிய மாமா எங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டார், மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு, பள்ளிக்கூடம், மோட்கேஜ் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் ஒரே நாளில் இடம்பெயர்ந்தது என்று கேட்டபோது, அந்த மனிசி இனி எந்த விலாசத்தில் இருப்பா என்று நினைத்தேன். உண்மையை எழுத இனி விலாசமும் இல்லை. அதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி வந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நீ தமிழ் கதைப்பதை விட்டது அந்தத் துறைமுகத்தில். இங்கே கோயிலில், கலியாண வீட்டில், "தம்பி தமிழ் கதைக்க மாட்டாரோ?" என்று கேட்கிறவர்களிடம் நான், "இஞ்சை வளருற பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தானே" என்று சொல்லிச் சிரிக்கிறேன். அவர்களும் தலையாட்டுகிறார்கள், அவரவர் வீட்டிலும் அதே கதைதானே. நீ இங்கே வந்தபோது உனக்கு ஆங்கிலமே தெரியாது. உன் வாயில் தமிழ் நின்றுபோனதற்கு இந்த நாடு காரணம் இல்லை. அம்மா எது கேட்டாலும் நீ "யெஸ்" என்பாய், "யா" என்பாய், சும்மா தலையை ஆட்டுவாய். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லமாட்டாய். நீ பத்து வயதில், வாய்ஹெகே தீவுக்கு ஃபெரியில் போவோம் என்று கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். டிக்கெட் எடுத்துப் போகிற எந்த இடத்துக்கும் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை, யோசித்துப் பார். பீஹாக் கடற்கரைக்கும் மற்ற இடங்களுக்கும் எங்கள் கொரோலாக் காரில்தான். உனக்கு நான் கஞ்சன் என்று தோன்றியிருக்கும். தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டேன்.

அவன் இங்கேயும் வருகிறான். நான் பேய் நம்புகிறவன் இல்லை, பூசை புனஸ்காரத்திலும் பெரிதாக நாட்டம் இல்லை. ஆனால் மழை பெய்கிற காலைகளில் பஸ்ஸின் கண்ணாடியில் பார்த்தால் பின் சீட்டில் ஜன்னலோரம் ஒருவன் இருப்பான், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு. ஏறினவர்களை எண்ணுவேன், இறங்கினவர்களை எண்ணுவேன், ஒன்று கூடும். ஒருவரும் மணி அடிக்காத தரிப்பில் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிடுவேன். இந்த ஊரில் இறங்குகிறவர்கள் எல்லாரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் காத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் கேட்காது. பயணிகள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கதவை மூடிக்கொண்டு போவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்ததே, என்ன செய்தாய் என்று நீ கேட்டதற்கு வேகமாக ஓட்டினேன் என்று சொன்னேனே, அதுவும் பொய். பரிசோதகர் ஏறினார், ஒரு பெடியனிடம் டிக்கெட் இல்லை. வெள்ளைக்காரப் பெடியன், முன்பின் தெரியாது. நான் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழும்பிப் போய், அவன் என்னோடு வந்தவன், அவன் என்னோடு வந்தவன் என்று கத்தினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெடியன் பயந்துபோய் இறங்கி ஓடிவிட்டான்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. மன்னிப்புக் கேட்பதற்கு இருந்த இருவரில் ஒருவன் இல்லை, மற்றவன் நீ. கேட்கிறேன். அந்த ரெயிலில் மூன்று பெரிய ஆட்கள் இருந்தோம். நான் பொய் சொன்னேன். தவம் எங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னான். அம்மா வாயே திறக்கவில்லை. உண்மை சொன்னது நீ மட்டும்தான். தமிழிலும் அது உண்மை, டச்சிலும் உண்மை. உன் வாயால் அவன் பிடிபடவில்லை. நீ சொன்னதை நானும் சொல்லியிருந்தால் அவன் எங்களோடு எங்ஹைசனில் இறங்கியிருப்பான், அந்தத் தண்ணீரைப் பார்த்திருப்பான்.

அந்த ஊருக்குப் போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். பட்டியலில் எட்டாவதைத் தாண்டுவது இனி உனக்குப் பாரமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. இந்தக் கடித உறைக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். பழசாகி மஞ்சளடித்துவிட்டது. அதில் குறட்டு அடையாளம் இல்லை. நாடு விட்டு நாடு வந்தபோதும், மூன்று வீடு மாறியபோதும் அது என் பர்சிலேயே இருந்தது. என்னிடம் இருக்கிற டிக்கெட் துலையாது என்று நான் சொன்னேன்தானே. நீ கொண்டுபோ, உன் பையிலேயே வைத்திரு.

பின்னேர ஓட்டத்துக்கு நேரமாகிறது. இவ்வளவு தூரம் நீ எழுத்துக் கூட்டி வந்திருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே அலுத்து அம்மாவிடம் கொடுத்திருப்பாய். அவள் உனக்குப் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பாள். நான் அப்போது டொமினியன் ரோட்டில் எங்கேயாவது யாருக்காவது டிக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை இந்த இடத்தில் எழுதிவைக்கிறேன், அவள் தன் வாயாலேயே வாசிக்கட்டும்: ஓம். நாலுதான் எடுத்தனான்.

அப்பா